எண் எழுத்தான மதியம்

எதை மாற்றுவதானாலும் முதலில் நகலில் செய்து பார்ப்பாள். பிறகு விரல்களைச் சொடுக்கெடுத்துக்கொண்டு, "கண்ணு, மானத்தை வாங்கிடாதே" என்று கணினியிடம் கெஞ்சிவிட்டுத்தான் உண்மையான பதிவுகளில் கை வைப்பாள். மருத்துவமனையின் தரவுத்தளம் முழுக்க அவள் பொறுப்பு. யார் ஓடிவந்தாலும் முதலில் "பொறு" என்பதால் எல்லோருக்கும் 'பொறு அக்கா'.

புதுக் கிளையின் அட்டைகளில் எண்ணுக்கு முன்னால் எழுத்தும் வருகிறது. அதனால் பதிவு அட்டவணையில் நோயாளி எண் நிற்கும் பத்தியை எண் வகையிலிருந்து எழுத்து வகைக்கு மாற்றச் சொன்னார் மேலாளர்.

"ஒரு வரி வேலைதானேம்மா?"

"வரி ஒண்ணுதான் சார், வால்தான் நீளம்."

வால் என்றது இன்டெக்ஸை. தேடும் ஆளின் பதிவு இருக்கும் இடத்தை நொடியில் கைகாட்டிவிடும் வரிசை அது. பத்தியின் வகை மாறினால் அதையும் புதிதாக அடுக்க வேண்டும். எழுத்தாகிவிட்டால் முதல் குறியைப் பார்த்தே அடுக்கும் என்பதால் பத்து போய் ஒன்பதுக்கு முன்னால் நின்றுகொள்ளும். பதிவைத் தேடிக் கேட்கும் ஒவ்வொரு பிரிவின் கணினித் திரையும் இனி எழுத்தாகவே கேட்க வேண்டும். பழையபடி எண்ணாகக் கேட்டால், தரவுத்தளம் வரிசையின் பக்கமே போகாது. வீடு வீடாகக் கதவு தட்டுவதுபோல் ஒவ்வொரு பதிவாகப் புரட்டும்.

அதனால் பிரிவு பிரிவாகச் சொல்லிவிட்டுத்தான் மாற்றினாள். அவசரப் பிரிவுக்கு மட்டும் சொல்லவில்லை. அந்தப் பிரிவின் திரைக்கு நிரல் எழுதியவள் எதிர் அறையில் இருக்கும் நாத்தனார், கணவனின் அக்கா. மாமியாரை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சில் முறைத்துக்கொண்டதிலிருந்து இருவருக்கும் முகம் பார்த்துப் பேச்சில்லை. மேலாளர் சொல்லியிருப்பார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மதியம் அவசரப் பிரிவு நர்ஸின் போன். "அக்கா, ஆளு நினைவில்லாம கிடக்காரு. எந்த மருந்து ஒத்துக்காதுன்னு பாக்கணும். நம்பரைப் போட்டா சுத்திக்கிட்டே இருக்கு. டாக்டர் ஊசியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே எதிர் அறைக்கு ஓடினாள்.

"அண்ணி, உங்க திரை இன்னும் எண்ணாத்தான் கேக்குது. பத்தியை எழுத்தா மாத்தினது நான். உங்ககிட்ட சொல்லலை."

நாத்தனார் தலையைத் திருப்பவில்லை. "வீட்டு விஷயம்னா ஊரெல்லாம் சொல்லத் தெரியுது. இதைச் சொல்ல மட்டும் வாய் வலிச்சுதாக்கும்?" வாய் பொரிந்து தள்ள, விரல்கள் அதற்குள் திருத்தத் தொடங்கியிருந்தன. "ம். போட்டுப் பாக்கச் சொல்லு."

"வந்துடுச்சுக்கா!" என்றாள் நர்ஸ். "நல்லவேளை, இந்த ஊசி அவருக்கு ஆகவே ஆகாதாம்."

போனை வைத்தாள். தன் அறைக்குத் திரும்பவில்லை. மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்து, நாத்தனாரின் முழங்கை இடிக்கும் அளவுக்கு நெருக்கிப் போட்டு உட்கார்ந்தாள்.