எடைக்கல்லும் ஒற்றை நூலும்

என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு பழைய இரும்பு எடைக்கல் வைத்திருக்கிறேன். மதினி பருத்தி நிறுக்க வைத்திருந்தது. அதன் வளையத்தில் ஒரு துண்டு நூல் இன்னும் கட்டியபடியே இருக்கிறது. மேசை துடைக்க வரும் பெண் அதை அவிழ்க்கப் போனால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

மதினி என் கணவரின் அக்காள். புருஷன் பட்டாளத்தில் இருக்க, சுந்தரபாண்டியத்துத் தோட்டத்தை ஒண்டியாகப் பார்த்தவர். கிணற்றில் தண்ணீர் இறைக்கச் சால் இறக்கிக் கமலை மாட்டையும் அவரே ஓட்டுவார். யுத்த காலத்தில் என் தலைப்பிரசவம் அவர் வீட்டில்தான் நடந்தது. பிள்ளை பிறந்த பிறகு எனக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த நர்சம்மா, கட்டிலை விட்டு அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே ஆடிக் காற்றில் கொல்லை வாகை மரத்தின் பெருங்கொம்பு பிளந்து, என் தலைக்கு நேரே ஓட்டுக்கு மேல் தொங்கிக்கொண்டு நின்றது. காற்று வரும்போதெல்லாம் அது முனகும். நான் பிள்ளையின் மேல் கவிழ்ந்துகொள்வேன்.

விடிந்ததும் ஆட்கள் கூடினார்கள். என் கணவர், “கமலை வடத்தக் கட்டி இறக்கிருவோம்க்கா. தினமும் சால் தண்ணிய இழுக்குத வடம், இதத் தாங்காதா?” என்றார். எங்கள் பக்கத்தில் எதற்கும் அந்த வடம்தான் அளவு. மாடு இழுத்து அறாதது வேறு எதற்கும் அறாது என்று எல்லோரும் நம்பினோம்.

மதினி ஒத்துக்கொள்ளவில்லை. “இழுக்குதது வேற, விழுதது வேற. போன கோடையில நுகக் கயிறு கழண்டு சால் உள்ள விழுந்துச்சே, அப்ப இதே மாதிரி வடம்தான அறுந்துச்சு? சால்ல பாதித் தண்ணிகூட இல்ல.”

பிறகு எடைக்கல்லோடு என் அறைக்கு வந்தார். நான் பார்த்தால் பயம் தெளியும் என்று நினைத்திருக்க வேண்டும். கல்லை ஒற்றை நூலில் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார். நூல் தாங்கியது. கல்லை ஒரு சாண் தூக்கி விட்டார். பட்டென்று அறுந்தது. இரண்டு இழையும் அறுந்தது. இழைகளைக் கூட்டிக்கொண்டே போய், ஒரு கயிற்றுப் புரி அளவு தடித்தபோதுதான் அறாமல் நின்றது. சும்மா தொங்கும் கல்லுக்கும் விழுந்து நிற்கும் கல்லுக்கும் உள்ள தூரத்தை என் கண்ணாலேயே பார்த்தேன். எனக்குப் பயம் தெளியவில்லை, கூடிவிட்டது. அவ்வளவு வடத்துக்கு எங்கே போவது?

மதினி கல்லிலிருந்து அந்தப் புரியை அவிழ்த்துப் போட்டார். பிறகு மறுபடியும் ஒற்றை நூலை எடுத்தார். இந்த முறை அதை உத்தரத்தின் மேலாக விட்டு, மறுநுனியை முடிச்சுப் போடாமல் கட்டில் காலில் இரண்டு சுற்றுச் சுற்றி, கையில் தளர்வாகப் பிடித்துக்கொண்டு கல்லை விட்டார். நூல் காலை உரசிக்கொண்டு கொஞ்சம் ஓடியது. கல் வழுக்கினாற்போல் இறங்கி நின்றது. நூல் அறவில்லை. படுத்த படுக்கையிலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வடத்தைக் கொம்பில் கட்டி, மரத்தின் மேல் கவட்டில் போட்டு, அடிமரத்தில் சுற்றி, நுனியை என் கணவரிடம் கொடுத்தார்கள். கொம்பைக் கொல்லைப் பக்கம் இழுக்க இன்னொரு கயிறு. ஜன்னல் வழியே மதினியின் குரல் கேட்டது. “ஏலே, பொண்டாட்டி பிள்ள கீழ கெடக்குன்னு இறுக்கிப் பிடிச்சிராத. பிடிச்சா அறும். ஓட விடு.”

அதன்பின் அவர் உள்ளே வந்து என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வெளியே போங்கள் மதினி என்று கெஞ்சினேன்.

“ஏட்டி, கணக்குப் போட்டவ வெளிய நின்னா அது என்ன கணக்கு?”

கொம்பை அறுத்துக்கொண்டிருந்த வாள் நின்றது. ஒரு முறிவுச் சத்தம். அடிமரத்தில் வடம் சீறி ஓடுவது கேட்டது. பட்டை தீய்ந்த வாடை வந்தது. ஓட்டின் மேல் இலைகள் பெருக்கிக்கொண்டு போவதுபோல நகர்ந்தன. ஓர் ஓடுகூட உடையவில்லை. பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தவில்லை.

மதினி தண்ணீர் கேட்டார். வாங்கிய செம்பு கையில் நிற்காமல் சரிந்து, தண்ணீர் பிள்ளையின் மேல் கொட்டிவிட்டது. அப்போதுதான் அது அழுதது. உள்ளே ஓடிவந்த என் கணவரின் இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. அவர் பிடித்து நிறுத்தவில்லை. நானும் பிள்ளையும் கீழே கிடப்பது தெரிந்தே ஓட விட்டிருக்கிறார்.

அந்தப் பிள்ளைக்கு இன்று தலை நரைத்துவிட்டது. அவன் வந்தால் இந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்ப்பான். திரும்ப வைக்கும்போது, யாரும் சொல்லாமலே, மெதுவாக இறக்கித்தான் வைப்பான்.