மாலையைக் கழற்றச் சொன்னவர்

ஞானதுரை அண்ணாச்சி இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னது ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். காலையில் டயர் கடை ஷட்டரைத் தூக்கி, கம்ப்ரசரை ஓடவிட்டு, ஊர் நிலவரம் அறியப் போனைத் திறந்தேன். அண்ணாச்சியின் படம். கீழே ரோஜாப்பூவும் மெழுகுவர்த்தியும். “எங்கள் குடும்பத்தின் ஆருயிர் மெக்கானிக். ஈடு செய்ய முடியாத இழப்பு.” போட்டவர் கதிரேசன், செட்டியார்பட்டிப் பக்கம் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் உள்ள வீட்டுப் பிள்ளை. அண்ணாச்சியின் பட்டறையை இழுத்துப் பூட்ட வைத்த புண்ணியவான். இழக்க வைத்தவரே ஈடு செய்ய முடியாது என்று சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அண்ணாச்சியைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டறை வாசலில் கார்கள் வரிசை கட்டி நின்ற காலத்தில் வந்து போனவர்கள் அதில் சேர்த்தி. பட்டறை பூட்டிய பிறகு அவரை எதிரே கண்டால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனவர்களும் சேர்த்தி. இந்த இரண்டாவது வகையினர் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும்.

என்னைத் தெரியாதவர் ராஜபாளையத்தில் கிடையாது. இருந்தால் அவர் இன்னும் பிறக்கவில்லை. தென்காசி ரோட்டில் காற்றை விற்றுச் சாம்ராஜ்யம் நடத்துகிறவன் நான். ஊரே என்னை மாமா என்று அழைக்கும். என் அரண்மனைக்கு அடுத்த ஷெட்தான் அண்ணாச்சியின் பட்டறை. பட்டாளத்தில் பாலைவனத்து லாரிகளையும் பனிமலை லாரிகளையும் பார்த்துவிட்டு வந்தவர். கிறிஸ்தவர்; எங்கள் பக்கத்துப் பேச்சில் வேதக்காரர். டர்போ வைத்த கார் எதுவானாலும் இந்தப் பக்கத்தில் அவரிடம்தான் வரும். நான் டயருக்குள் காற்றை அடைப்பேன்; அவர் என்ஜினுக்குள் போகும் காற்றைப் பக்குவம் பார்ப்பார். காற்றில் பங்காளிகள் நாங்கள்.

கதிரேசனின் கார் முதன்முதலாக வந்த நாள் நினைவிருக்கிறது. “அண்ணாச்சி, பறக்கணும். வெளியூர்க் கடையில பூஸ்ட்டை ஏத்திட்டு வந்துட்டேன். இன்டர்கூலரை எம்புட்டுப் பெருசா வேணும்னாலும் போடுங்க” என்றார்.

விஷயம் இதுதான். டர்போ என்பது காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கும் சாதனம். எவ்வளவு அமுக்குகிறது என்பதுதான் பூஸ்ட். அமுக்கிய காற்று கொதிக்கும். அந்தக் கொதிப்போடு உள்ளே போனால் பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் வெடித்துப் பிஸ்டனைத் தின்றுவிடும். அதனால் பம்பருக்குப் பின்னால் சல்லடைபோல் ஒரு அலுமினியப் பெட்டி இருக்கும். கார் ஓடும்போது எதிர்க்காற்று அதன் மேல் பட்டு, உள்ளே போகிற காற்றைக் குளிர வைக்கும். அதற்குப் பெயர் இன்டர்கூலர்.

அப்போது என் நாய் நிழலில் படுத்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. அசல் ராஜபாளையம். செங்கோட்டை ரயிலை முந்திப் போய், ரயில் வரும்வரை ஸ்டேஷனில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்த நாய் அது. அண்ணாச்சி அதைக் காட்டினார்.

“தம்பி, அந்த நாயைப் பாரும். நாக்கைத் தொங்கப் போட்டிருக்குல்லா, அதான் இன்டர்கூலர். நாக்கு பெருசா இருந்தா நல்லதுதான். ஆனா காத்தே தீயா இருந்தா நாக்கு என்ன செய்யும்? வெளிக்காத்து எம்புட்டுச் சூடோ, அதுக்குக் கீழே இது ஒரு நாளும் இறக்காது. ஆண்டவரே இறங்கி வந்தாலும் இறக்காது.”

“அப்ப இதைவிடப் பெருசாப் போடுவோம்.”

“ஏலாது தம்பி. பின்னால ரேடியேட்டர் இருக்கே, அதுக்குக் காத்து வேண்டாமா? ஒருத்தன் மூக்கைப் பெருசாக்கி இன்னொருத்தன் மூக்கை அடைக்கவா சொல்லுதீரு?”

கடைசியில் அளவான ஒன்றை மாட்டினார். மாட்டிய கையோடு, காற்றுக் குழாயில் ஒரு வெப்பமானியின் வயரைச் சொருகி, கதிரேசனை ஓட்டச் சொல்லி செண்பகத்தோப்பு ரோட்டுக்குக் கிளப்பினார். பின் சீட்டில் பாரத்துக்காக என்னை ஏற்றினார்கள். என் எடைக்கு மேற்குத் தொடர்ச்சி மலையே ஒரு பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஓட ஓடச் சூடு இறங்கியது. ஓரிடத்தில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. நின்றோம். ஆடுகள் அசைபோட்டபடி கடந்தன. இங்கே வெப்பமானி ஏறிக்கொண்டே போனது. மந்தை போய்க் கார் கிளம்பிய பிறகும் ஏறியது உடனே இறங்கவில்லை.

“பாத்தீரா?” என்றார் அண்ணாச்சி. “ஓடுறப்ப இது கூலர். நின்னா ஹீட்டர். நின்னு கிளம்புனா செத்த நேரம் பையப் போவும். அது ஆறட்டும். பொறவு மிதியும். அந்தப் பூஸ்ட்டையும் கொஞ்சம் இறக்கிட்டு வாரும், நம்ம வெயிலுக்கு அது ஆகாது.”

கதிரேசன் தலையாட்டினார். அவர் ஆட்டிய ஆட்டில் பூம்பூம் மாடு தொழிலை விட்டுவிட்டு ஓடியிருக்கும். பூஸ்ட்டை மட்டும் இறக்கவில்லை.

புரட்டாசி வந்தது. சனிக்கிழமை திருவண்ணாமலையில் காருக்குப் பூஜை போட்டார்கள். சிவன் மலை அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் பெருமாள் மலை. எங்கள் பக்கத்துப் பக்தியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேருக்குப் போடும் தடிமனில் ஒரு செவ்வந்தி மாலை. காரின் மூக்கு முழுவதையும் மூடி, கிரில் கம்பிகளில் கயிறு கொடுத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். சாமி மலையில் கட்டிய மாலை தானாக வாடி உதிர வேண்டும், கையால் கழற்றினால் ஆகாது என்பது அந்த வீட்டு வழக்கம்.

திங்கட்கிழமை காற்றடிக்க என் கடைக்குக் கார் வந்தது. கதிரேசன் ஓட்ட, பக்கத்தில் அவருடைய பெரியம்மா. ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள். அண்ணாச்சி கையைத் துடைத்தபடி வந்தவர், மாலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“தம்பி, மாலையைக் கழட்டி உள்ள வச்சுக்கிடும். மூக்கை அடைச்சிருக்கு. காத்து போகாது.”

கதிரேசன் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா திறந்துவிட்டார். “ஏன் வேதக்காரரே, எங்க பெருமாள் மாலை உம்ம கண்ணை உறுத்துதோ?”

“அதுக்கில்லம்மா. மாலை எங்கே வேணா இருக்கட்டும். வண்டிக்குள்ள தொங்கட்டும், பின்னால கட்டுங்க. முன்னால மட்டும் வேண்டாம். என்ஜின் போயிரும்.”

“சாமி மாலை போட்டா என்ஜின் போயிருமா? ஏலே கதிரேசா, எடுலே வண்டியை.”

கதிரேசன் அண்ணாச்சியைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், கியரைப் போட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் வெயிலில் ஊர்ந்து, நின்று, ஊர்ந்திருக்கிறார்கள். திரும்பும் வழியில் வேறொரு கார் முந்தியிருக்கிறது. ஏற்றி வைத்த பூஸ்ட், கொதிக்கிற பெட்டி, மூடிய மூக்கு. கதிரேசன் மிதித்தார். பிஸ்டன் உருகி, கார் புகை கக்கி ரோட்டோரம் நின்றது. போன் வந்ததும் நான்தான் போய் அவர்களை அழைத்து வந்தேன். மாலையைத் தொட்டுப் பார்த்தேன். பின்பக்கத்துப் பூவெல்லாம் அவித்த கீரைபோல இருந்தது.

கார் குளிர்வதற்குள் கதை கொதித்துவிட்டது. “வேதக்காரன் பெருமாள் மாலை மேல கண்ணு வச்சான், வச்ச அன்னைக்கே வண்டி வெடிச்சுப் போச்சு” என்றார் பெரியம்மா. படித்த பிள்ளைகள் கண்திருஷ்டியை நம்ப மாட்டார்கள் அல்லவா? அவர்கள், “அந்த ஆளு மாட்டுன இன்டர்கூலர் மட்டம்” என்றார்கள். “சாமியே வந்தாலும் ஒண்ணும் செய்ய முடியாதுன்னு முன்னமே திமிராப் பேசுனாராம்” என்று மூன்றாவது ஒன்று சேர்ந்தது. அண்ணாச்சி சொன்னது அவருடைய ஆண்டவரைப் பற்றி. தன் சாமியால் ஆகாது என்று ஒரு மனிதர் அடக்கமாகச் சொன்னது, ஊரைச் சுற்றி வந்தபோது அடுத்தவர் சாமியைப் பழித்ததாகிவிட்டது. ஆபத்து வரும் என்று எச்சரித்ததே அவர் செய்த குற்றத்துக்குச் சாட்சியானது. இப்படி ஒரு நீதி எமலோகத்தில்கூட இருக்காது. அங்கே கணக்கெழுத ஒருவராவது இருக்கிறார்.

நான் சும்மா இருக்கவில்லை. டீக்கடையில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் எல்லாம் சொன்னேன். பக்கத்தில் நின்று என் காதால் கேட்டதைச் சொன்னேன். மாலை வெந்திருந்ததைச் சொன்னேன். சிரித்தார்கள். “மாமா சொன்னா பத்துல ஒண்ணுதான் நெசம். அந்த ஒண்ணும் எதுன்னு தெரியாது” என்றார்கள். அண்ணாச்சிக்கு இந்த உலகத்தில் வாய்த்த ஒரே சாட்சி நான். ஆகவே அவரைத் தெரிந்தவர்களே, நாயைப் பற்றி மேலே எழுதியதை நம்ப வேண்டாம். மாலையைப் பற்றி எழுதியதை நம்புங்கள். அதில் ஒரு பூவைக்கூட நான் கூட்டவில்லை.

பட்டறைக்குக் கார் வருவது நின்றது. யாரும் சண்டை போடவில்லை, கல்லெறியவில்லை. எங்கள் ஊர் நாகரிகமான ஊர். வேறு கடைக்குப் போனார்கள், அவ்வளவுதான். அண்ணாச்சி ஷெட்டை மூடிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பட்டறையில் சம்பளத்துக்குப் போனார். தூக்குவாளியோடு என் கடை முன்னால் நின்றுதான் பஸ் ஏறுவார். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“அண்ணாச்சி, நீங்க ஏன் வாயே திறக்கலை? மாலையாலதான் வெடிச்சுதுன்னு நடு ரோட்டுல நின்னு சொல்ல வேண்டியதுதானே?”

“நீ சொன்னா அது மெக்கானிக் விசயம்லே. நான் சொன்னா மத விசயம்” என்றார். “பெருமாள் மாலையாலதான் வண்டி போச்சுன்னு ஒரு வேதக்காரன் நடு ரோட்டுல கத்துனா, கேக்குறவன் இன்டர்கூலரையா யோசிப்பான்? வீட்டுல எஸ்தர் நாளைக்குக் கடைகண்ணிக்குப் போக வேண்டாமா? அந்தம்மாவும் பாவம், பக்தியிலதான் சொல்லிச்சு. போவட்டும். பேரு என்ன, போனாப் போவுது.”

பஸ் வந்தது. ஏறிப் போனார். போனால் போகட்டும் என்று அவர் சொன்ன பேர், பட்டாளத்திலிருந்து வந்து அவர் சேர்த்திருந்த ஒரே சொத்து.

பிறகொரு நாள், அதே பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் வீட்டில் மாரடைப்பு வந்திருக்கிறது. அடக்கத்துக்கு ஊரே வந்தது. அவர் உயிரோடு இருந்தபோது அவர் கண்ணில் படாமல் போன கார்களெல்லாம் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றன. “தங்கமான மனுசன்” என்றார் ஒருவர். தங்கம் என்று உரசிப் பார்க்க அவரைப் படுக்க வைக்க வேண்டியிருந்தது. அண்ணாச்சியின் மனைவி எஸ்தர் அக்கா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மண் போட்டு முடித்ததும் கதிரேசன் என்னைத் தனியே அழைத்துப் போனார்.

“மாமா, அன்னைக்கு அண்ணாச்சி சொன்னது நெசந்தான். என்ஜினைப் பிரிச்ச எடத்துலயே சொல்லிட்டாங்க, முன்னால காத்தே போகலைன்னு. பூஸ்ட்டும் அதிகம்னாங்க. பெரியம்மாவை எதுத்து என்னால ஒண்ணும் சொல்ல முடியலை.”

“இப்ப சொல்லலாமே தம்பி.”

“இப்ப எதுக்கு மாமா? அவரே போயிட்டாரு. நீங்க எங்கேயாச்சும் பேசுவீங்க, எழுதுவீங்க. அதான்... இதை மட்டும் விட்டுருங்க. பெரியம்மா மனசு ஒடைஞ்சிரும்.”

அண்ணாச்சியின் சாமான்களெல்லாம் எப்போதோ கைமாறிவிட்டன. நான் எடுத்து வைத்துக்கொள்ள ஒரு ஸ்பானர்கூட மிச்சமில்லை. ஒரு சொல் இருக்கிறது. எங்கள் ஊரில் எந்தக் கடையில் எதைக் கேட்டாலும் ‘செஞ்சிருவோம்’ என்பார்கள். நான் ஒரு படி மேலே. கேட்டால் வானத்தைக்கூடப் பஞ்சர் ஒட்டித் தருவதாகச் சொல்வேன். அண்ணாச்சி ஒருவர்தான், ஆகாததை ஆகாது என்று முகத்துக்கு நேரே சொல்வார். கோபமோ குழைவோ இருக்காது. கேட்டவர் பெரிய வீடா சின்ன வீடா என்று பார்க்க மாட்டார். ஒரே சொல். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். இந்த வயதுவரை என் வாயில் வந்ததே இல்லை. முதன்முதலாகக் கதிரேசனிடம் சொல்லிப் பார்த்தேன்.

“ஏலாது தம்பி.”