உட்காரச் சொல்லாத வகுப்பு

பாகூர்ப் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை இருக்கிறது. நெல் மூட்டை அடுக்குவதற்காகக் கட்டியது. இப்போது அதில் நானும் ஒரு லேப்டாப்பும் குடியிருக்கிறோம். பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், சில வருடங்களாக இந்த அறையில் உட்கார்ந்தபடியே, ஆன்லைனில் முதுகலைக் கணக்கு படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே கரும்பு. மதியக் காற்றில் அது ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலில், திரையிலிருக்கும் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசப் பேச, தூங்கிக்கொண்டேதான் பாடம் நடத்துகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

கறுப்புக் கட்டங்கள் என்றால் கேமராவை அணைத்து வைத்த பிள்ளைகள். டேட்டா தீர்ந்துவிடுமாம். முகமில்லாமல் குரல்கள் மட்டும் மிதந்து வரும். ஒன்றுக்குப் பின்னால் மோட்டார் கொட்டாயின் சத்தம், இன்னொன்றுக்குப் பின்னால் மாதா கோயில் மணி. எனக்கு அது பிடித்திருந்தது. ஒவ்வொரு குரலுக்கும் நானாக மனசுக்குள் ஒரு முகம் வரைந்து வைத்துக்கொள்வேன்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் வேறு வேலை. படிப்பை முடிக்கப் போகிறவர்களுக்கும், ஆன்லைனில் பாடம் நடத்தப் புதிதாக வருகிற ஆசிரியர்களுக்கும் தனித்தனியாக ஆலோசனை சொல்ல வேண்டும். எங்கே விண்ணப்பிப்பது, இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது, எதைப் பேசாமலிருப்பது. நானே ஒரு வேலை போய், எப்படியோ இன்னொன்றில் வந்து விழுந்தவள். ஆனாலும் வாய் கூசாமல் சொல்வேன்.

அப்படி வந்தவர்களில் கரையாம்புத்தூர்ப் பெண் ஒருத்தி. கணக்கில் கெட்டி. அவளுக்கு ஆன்லைனில் பாடம் நடத்தும் ஆசிரியை ஆக வேண்டும். ஒரு நிறுவனம் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. கேமராவைப் போட்டுக்கொண்டு, அவர்கள் முன்னால் பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

"இதுவும் ஆவலன்னா கம்பெனி வேன்ல ஏறிடுன்னு அப்பா சொல்லிட்டாரு மிஸ்" என்றாள்.

விடியும்போதே ஊர் ஊராக வந்து, பெண்களை ஏற்றிக்கொண்டு தொழிற்பேட்டைக்குப் போகும் வேன் அது. அவள் அப்பா பொல்லாதவர் இல்லை. கரும்பு போட்டுப் பெண்ணைப் படிக்க வைத்தவர், பொறுத்துப் பார்த்துவிட்டார். அந்த வேனில் போகிறவர்கள் யாருக்கும் குறைந்தவர்களும் இல்லை. இருந்தாலும் இவள் அதில் ஏறுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

"சரி, இப்பவே கேமராவப் போடு. ஒத்திகை பாத்துடுவோம்" என்றேன்.

கறுப்புக் கட்டம் விலகியது. நீலச் சுண்ணாம்புச் சுவர், அதற்கு முன்னால் ஒரு மஞ்சள் சுடிதாரின் நடுப்பகுதி, கட்டிக்கொண்ட இரண்டு கைகள். தலையைக் காணோம்.

"ஏம்மா, மூஞ்சி எங்க?"

"நின்னுக்கினு இருக்கேன் மிஸ்."

"இன்னாத்துக்கு?"

"நீங்க வந்தீங்கல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிளாஸ்லயும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"கிளாஸ்ல நீங்க பாடம் ஆரம்பிச்சதும் உக்காந்துடுவேன் மிஸ். சனிக்கெழம நீங்களும் நானும் மட்டுந்தான. நீங்க உக்காருன்னு சொல்லவே இல்ல."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் உள்ளே வந்ததும் எழுந்து நின்று, உட்காரச் சொன்ன பிறகுதான் உட்காருவோம். நானும் அப்படி நின்று வளர்ந்தவள்தான். இத்தனை சனிக்கிழமைகளும், நான் காலை நீட்டிக்கொண்டு அறிவுரை சொன்ன நேரமெல்லாம், இவள் அந்தக் கட்டத்துக்குள் நின்றிருக்கிறாள். நான் அவளுக்காக வரைந்து வைத்திருந்த பெண்ணோ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"முதல்ல உக்காரு தாயே" என்றேன். உட்கார்ந்தாள். சின்ன முகம், மூக்கின்மேல் வியர்வை. நான் வரைந்த முகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் உட்கார்ந்ததும் குரல் போய்விட்டது. தண்ணீர் பட்ட பாடாகப் போடுகிற கணக்கிலேயே திக்கினாள். அடுத்த சனிக்கிழமையும் அதே கதை.

"உக்காந்தா பேச்சு வர்ல மிஸ். உக்காந்துக்கினு பாடம் நடத்தி நான் யாரையும் பாத்ததே இல்ல."

நான் உட்கார்ந்துதான் நடத்துகிறேன்; திரையில் என் எழுத்துப் பலகை மட்டும் ஓடுவதால் அது அவளுக்குத் தெரியாது. முதுகை நிமிர்த்து, தோள் தெரிய உட்கார், கேமராப் புள்ளியைப் பார். என்னிடமிருந்த அறிவுரை எல்லாம் உட்காருகிறவர்களுக்கானது. கடைசியில் எரிச்சல் வந்துவிட்டது.

"சரி, நின்னே நடத்து. போன ஒசரத்துல கட்டு. நின்னு நடத்தலாமான்னு அவங்ககிட்ட முதல்லயே கேட்டுடு."

ஜன்னல் கம்பியில் தலை ரிப்பனால் போனைக் கட்டினாள். குரல் திரும்பி வந்தது.

இன்டர்வியூ முடிந்ததும் போன் செய்தாள். "மூணு பேரு மிஸ். நின்னு நடத்தலாமான்னு கேட்டதுக்கு ஏன்னாங்க. உக்காந்தா வராதுன்னு சொன்னேன். ஒருத்தரு சிரிச்சிட்டாரு. அப்பறம் நடத்தச் சொன்னாங்க."

அதற்குப் பிறகு நிறுவனத்திடமிருந்து பதிலே இல்லை. கம்பெனி வேன் ஒன்று எங்கள் தெரு வழியாகவும் போகும். அரைத்தூக்கத்தில் அதன் ஹாரன் கேட்கும். பனி மூடிய கரும்புக்கு நடுவே மஞ்சள் சுடிதாரில் அவள் நிற்பதுபோலவும், வேன் அவளை ஏற்றாமலே தாண்டிப் போவதுபோலவும் தோன்றும். கண்ணைத் திறந்தால் ஜன்னலில் வெளிச்சம் வந்திருக்கும்.

ஒருநாள் மத்தியானம் போனில், "கெடச்சிடுச்சி மிஸ்!" என்றாள். நான் கூச்சல் போட்டதில் கீழே இருந்தவர்கள் மாடிக்கே ஓடி வந்துவிட்டார்கள்.

முதல் வகுப்புக்கு எனக்கும் லிங்க் அனுப்பியிருந்தாள். கேமராவை அணைத்துவிட்டு, கறுப்புக் கட்டங்களோடு ஒரு கறுப்புக் கட்டமாக நானும் நுழைந்தேன். கரும்பு இரைந்துகொண்டிருந்தது. அவள் வந்தாள். நீலச் சுவருக்கு முன்னால், நின்றுகொண்டு. வணக்கம் சொன்னாள். பாடத்தைத் தொடங்கவில்லை. எங்கள் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எல்லாரும் உக்காருங்க" என்றாள்.

யாரோ மைக்கை அணைக்க மறந்திருந்தார்கள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் கவனித்தேன், நானும் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.