பேசாத பேத்தியும் நான் போட்ட சட்டமும்

போன செவ்வாய்க்கிழமை ஒரு டாக்டரம்மாவிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். தப்பு என் மேல்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பேத்திக்கு இரண்டரை வயது முடிந்துவிட்டது. இன்னும் பேச்சு வரவில்லை. 'ம்', 'ஆ'... அவ்வளவுதான். மலைக்குத் தூக்கிப்போய் இரண்டு மொட்டை போட்டாயிற்று. முடி வளர்ந்தது. பேச்சைக் காணோம்.

திருத்தணியிலிருந்து என்னோடு ரயிலில் வருகிற ரிட்டையர்டு புரொபசர் தைரியம் சொன்னார். "இலக்கணம் பிறக்கும்போதே மூளையில இருக்குதுங்க. நடக்கிற மாதிரி பேச்சும் தானா வந்துடும்."

எதிர் சீட்டிலிருந்த அவருடைய நண்பர், அவரும் புரொபசர்தான், விடவில்லை. "அதெல்லாம் சும்மா. கேட்டுக் கேட்டுத்தான் கத்துக்கினு வருது."

திருவள்ளூர் வரைக்கும் அடித்துக்கொண்டார்கள். எனக்கு எரிச்சல். பிறவியிலேயே இருக்கிறது என்றால், எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் வெளியே வரமாட்டேன் என்கிறது?

செவ்வாய்க்கிழமை மருமகளோடு பேத்தியைத் தூக்கிப்போனேன். டாக்டரம்மா அதன் காதை டெஸ்ட் பண்ணினார். நன்றாகக் கேட்கிறது. பிறகு என்னைப் பார்த்தார். "வீட்டுல குழந்தைகிட்ட யாரு பேசறீங்க?"

"எல்லாரும்தாங்க."

"நீங்க என்ன பேசுவீங்க?"

"சாப்டியா... தூங்கு... தொடாதே..."

"அப்பா?"

"மெட்ராஸ்ல வேலை. அவன் வர்றதுக்குள்ள புள்ள தூங்கிடுது."

"அம்மா?"

என் மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். ரேணிகுண்டா பக்கத்துப் பெண். தமிழ் புரியும், பேசத் தடுமாறுவாள்.

இங்கேதான் என் வண்டவாளம். 'ரெண்டு பாஷை கேட்டா குழந்தை குழம்பிடும்' என்று யாரோ ஒரு ப்ளே ஸ்கூல் மிஸ் சொன்னதை நம்பி, போன வருஷம் வீட்டில் சட்டம் போட்டேன் — பிள்ளையிடம் தெலுங்கு கூடாது! இந்த ஊரில் பூ விற்கிற அம்மாவே இரண்டு பாஷையில் பேரம் பேசுகிறாள். அவள் பிள்ளைகள் ஒன்றும் குழம்பவில்லை. அது என் மண்டைக்கு உறைக்கவில்லை.

இந்தச் சட்டத்தைச் சொன்னதும் டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தனை பாஷைன்னாலும் குழந்தை தாங்கும் சார். நாள் பூரா கூட இருக்கிறவங்க வாயை அடைச்சிட்டீங்களே!"

"அப்ப என்னாலதான் பேசலைன்றீங்களா?" நானும் கத்தினேன்.

"அப்படிச் சொல்லலை. வேற காரணமும் இருக்கலாம், பாக்கணும். முதல்ல உங்க சட்டத்தை எடுங்க."

வேற காரணம்... அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

புரொபசர்கள் சண்டை எப்படியோ போகட்டும். மூளைக்குள் என்ன இருந்தாலும் சரி, குழந்தையிடம் யாராவது பேச வேண்டும். இதில் இரண்டு கட்சிக்கும் தகராறு இல்லை. நான் நிறுத்தியது அதைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் மருமகளிடம் சொன்னேன். "இனிமே தெலுங்குலயே பேசும்மா. எவ்ளோ வேணும்னாலும் பேசு."

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பேத்தி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன பேசறது மாமா? சும்மா இருந்து இருந்து... பழகிப்போச்சு."

இப்போது எங்கள் வீட்டில் பேச்சு வரவேண்டியது இரண்டு பேருக்கு.