தைத்து மூடிய பாம்பு

போன வாரம் ஒரு பாம்பைச் சட்டைக்குள் வைத்துத் தைத்தேன்.

பயப்படாதீர்கள். உயிருள்ள பாம்பு இல்லை. என் மனைவியின் தம்பி குணா தன் வலது கையில் பச்சை குத்தியிருக்கும் பாம்பு. மணிக்கட்டில் வால் தொடங்கி, ஒரு கத்தியைச் சுற்றிக்கொண்டு, முழங்கைக்குக் கீழே படம் எடுத்து நிற்கும். பதினாறு வயதில், கோயில் திருவிழாவுக்கு வந்த ஒருவனிடம் குத்திக்கொண்டது. அன்றைக்கு அது வீரம்.

இப்போது வயது இருபத்தாறு. எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டதில் வேலை போய்விட்டது. அவன் மனைவிக்கு ஏழு மாதம்.

இரண்டு இடத்தில் வேலை கேட்டான். ரவாங்கில் ஒரு கடை, கோலசிலாங்கூரில் காவல் வேலை. இரண்டிலும் எல்லாம் நன்றாகத்தான் போனதாம் — விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போடக் கையை நீட்டும் வரை. "குண்டர் கேங்கா?" என்று கேட்டார் ஒருவர். மற்றவர் பாரத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எங்கள் குடியிருப்பு லயத்தில், பச்சையை அழிக்க ஆளுக்கொரு வைத்தியம். "ரப்பர் பால உறைய வைக்கிற அசிட்ட எடுத்துத் தடவு லா, ஒரே நாள்ல போயிரும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். என் மனைவி விடவில்லை.

"கை வெந்து போச்சுன்னா, நீங்க வந்து சோறு ஊட்டுவீங்களாண்ணே?"

செரண்டாவில் ரப்பர் பாய் செய்யும் தொழிற்சாலையில் ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. என் தீபாவளிச் சட்டையைக் கொடுத்தேன். முழுக்கை. ஆனால் ஒரு பொத்தானை நம்ப முடியுமா? அவன் போட்டுக்கொண்ட பிறகு, வலது மணிக்கட்டில் இறுக்கி, இரட்டை நூலால் நானே தைத்துவிட்டேன்.

"மாமா, கை மரத்துப் போவுது."

"வேலை கிடைக்கட்டும், பிரிச்சி விடுறேன்."

என் மோட்டார் சைக்கிளில்தான் போனோம். இண்டர்வியூவில் கையெழுத்துப் போட்டான். பாம்பு வாலைக்கூடக் காட்டவில்லை. வெளியே வந்து கண்ணடித்தான். "மெஷின்ல நின்னு காட்டணுமாம் மாமா. என்னோட சேத்து அஞ்சு பேரு."

லோரி நிற்கும் இடத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். இரண்டு பெரிய இரும்பு உருளைகள், ஒன்றை நோக்கி ஒன்று சுழல்கின்றன. நடுவில் ரப்பரைக் கையால் தள்ள வேண்டும்.

தோட்டத்தில் ரப்பர் ஷீட் போடும் உருளையில் நின்றவன் நான். அங்கே முதல் பாடம் என்ன? சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடி. துணி மாட்டினால் கையும் பின்னாலேயே போகும். பாய் செய்யும் இடத்தில் உருளை இருக்காதா? இதை யோசிக்காமல் ஊசியை எடுத்திருக்கிறேனே!

ஃபோர்மேன் ஒரு சீனர்; மரியாதைக்கு 'தவுக்கே', அதாவது முதலாளி, என்பார்கள். முதல் ஆள் முழுக்கைச் சட்டையோடு மெஷினை நெருங்கியதும் தடுத்து, ஓரமாக நிற்கச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. அடுத்த மூவரும் சட்டைக் கையை மடிக்காமலே நெருங்கினார்கள்; அவர்களுக்கும் அதே.

குணாவின் முறை. இடது கையை மடித்தான். வலது கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன் — வேண்டாம், வந்துவிடு.

அவன் மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோனான். பல்லால் நூலைக் கடித்து இழுத்தான். அந்த மெஷின் இரைச்சலில் கேட்டிருக்க முடியாது... ஆனாலும் துணி கிழிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மடித்தான். வால், கத்தி, படம், எல்லாம் வெளியே.

அத்தனை பேர் முன்னால்! பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடக்கிறவன் நான். மலைத்துப்போய் நின்றேன்.

ஃபோர்மேன் மலாய் மொழியில் கேட்டார். பேசியதைக் குணா பிறகு சொன்னான்.

"என்ன இது?"

"பாம்பு. சின்ன வயசுல குத்தினது."

"மூடித்தானே வெச்சிருந்த? ஏன் கிழிச்ச?"

"பாம்பப் பாத்தா வேலைதான் போவும் தவுக்கே. துணி மாட்டுனா கை போயிரும். பொண்டாட்டிக்கு ஏழு மாசம். புள்ளைய எதால தூக்குறது?"

அவர் ரப்பர் கட்டியை அவன் கையில் கொடுத்தார். அவன் வேலை செய்வதைப் பத்து நிமிடம் அசையாமல் பார்த்தார்.

அலுவலகத்திலிருந்து வந்தவர் கையைக் கண்டதும் முகம் சுளித்து, ஏதோ முணுமுணுத்தார். ஃபோர்மேன் அந்த நாலு பேரையும் காட்டினார். "அவங்க கையெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. ஆனா, என் மெஷின்கிட்ட ஒரு மாசம் இருக்குமான்னு சொல்ல முடியாது."

குணாவுக்கு வேலை கிடைத்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்களாம்.

ஒருவனுக்கு உதவுவதென்றால், அவனை மூடி மறைப்பதுதான் என்று எப்படி முடிவு செய்தேன்? நல்ல மனசோடுதான் தைத்தேன். அந்த நல்ல மனசு அவன் கையையே வாங்கியிருக்கும்.

சட்டை கிழிசலோடு திரும்பி வந்தது. மனைவி ஊசியைத் தேடினாள். நான் கத்தரிக்கோலை நீட்டினேன். சட்டையின் இரண்டு கையையும் வெட்டி, அரைக்கையாக்கி, அவனிடமே கொடுத்துவிட்டோம்.

இந்தத் திங்கட்கிழமை, பாம்பும் வேலைக்குப் போனது.