கிடாரத்தில் வெட்டியிருந்த பெயர்

கண்டிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் பஸ்ஸில் மூன்று மணித்தியாலம் குலுங்கினால்தான் அலையைக் காணலாம். அப்படிப்பட்ட ஊரில், மஹய்யாவ லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், மாநகர சபைத் தண்ணீர்ப் பகுதியில் வேலை பார்த்த அழகரின் மகள் யசோதா, மூழ்கிய கப்பல்களுக்குப் பெயர் கண்டுபிடிக்கும் வேலைக்குப் போனாள். லயம் சிரிக்காமல் என்ன செய்யும்? விடுமுறையில் வந்து பையை இறக்கி வைப்பதற்குள், "ஏம்மா, முத்து ஏதாச்சும் கெடச்சுச்சா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அவளும் சளைக்காமல், "கெடச்சுச்சு, துருப்பிடிச்ச முத்து!" என்பாள்.

அவள் நீந்தப் பழகியதே இருபத்து மூன்று வயதில், பேராதனைப் பல்கலைக்கழகத்துக் குளத்தில். படித்தது தொல்லியல். அனுராதபுரத்தில் செங்கல் தோண்டுவதாகத்தான் எண்ணம். ஒரு சிநேகிதிக்குத் துணையாகக் காலித் துறைமுகத்தில் நடந்த, கடலடியில் சுழியோடும் பயிற்சிக்குப் போனாள். சிநேகிதி மூன்றாம் நாளே காதில் வலி என்று வீடு திரும்பிவிட்டாள். துணைக்குப் போனவள் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். தண்ணீருக்கடியில் முதன்முதலாக ஒரு நங்கூரத்தைத் தொட்டபோது உண்டான சந்தோஷத்தைச் சொல்ல அவளுக்குக் கடைசிவரை வார்த்தை வரவில்லை. சும்மா சிரிப்பாள்.

உலகப் போர்க்காலத்தில், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஜப்பான் விமானங்கள் கிழக்குக் கரையோரம் பல கப்பல்களைக் குண்டு போட்டு மூழ்கடித்தன. அறுபது வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்த கப்பலில் பெயர்ப்பலகை இருக்காது. ஆகையால் நீளத்தை அளக்க வேண்டும், கொதிகலன்களை எண்ண வேண்டும், பிறகு பழைய வரைபடங்களோடு ஒப்பிட வேண்டும். அளந்து முடியும்வரை பெயரைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது யசோதா தன் குழுவுக்குப் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை மீறியது வேறு யாருமல்ல, அவளேதான்.

2003இல், போர்நிறுத்தத்தால் கிழக்குக் கடல் திறந்திருந்த நேரம். கல்குடாவுக்கு அப்பால் மீனவர்களின் வலைகள் எதிலோ சிக்கிக் கிழிவதாகத் தகவல் வந்தது. குழு இறங்கியது. இரண்டாம் நாள், சமையலறை இருந்த பகுதியில் பெரிய செம்புக் கிடாரம் ஒன்று யசோதாவின் கண்ணில் பட்டது. கையுறையால் தேய்த்தாள். விளிம்பில் எழுத்து வெட்டியிருந்தது: கார்ஸ்வெல். 1942இல் குண்டு விழுந்த வாரம் அந்தக் கடலில் காணாமல் போன கப்பல்களில் கார்ஸ்வெலும் ஒன்று. அதற்குக் கொதிகலன் இரண்டு, இங்கே மணலுக்கு மேலே தெரிந்ததும் இரண்டு. வேறென்ன வேண்டும்? படகில் ஏறியவள் நனைந்த உடையோடு ஆட ஆரம்பித்துவிட்டாள். அடுத்த வாரம் அவளது படம் பேப்பரில் வந்தது. "நம்ம யசோதா" என்று லயமே வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டது.

அந்தப் பேப்பரோடு பக்கத்து ஊரான மடவளையிலிருந்து ஒரு பெண்மணி மஹய்யாவ வீட்டுக்கு வந்தார். உம்மு குல்சும் என்று பெயர், அறுபதைத் தாண்டிய வயது. கதிரையில் உட்காரக்கூட இல்லை.

"மகள், இது டன்மோர் கப்பல் இல்லியா? என்ட வாப்பா ஹுஸைன் அந்தக் கப்பல்லதான் பண்டாரி. சமையல்காரர். எனக்கு மூணு வயசுல போனவர். கப்பலை எதிரி புடிச்சிட்டுப் போயிட்டான், வாப்பா பினாங்குல வேற கலியாணம் முடிச்சி கடை வெச்சிரிக்கார்னு ஊர்ல செல்றாங்க. என்னைப் 'பினாங்குக்காரன்ட மகள்'னுதான் கூப்புடுறது. உம்மா மௌத்தாகுற வரைக்கும் அவருக்கு ஏசிட்டே இருந்தா. அவர் எங்கள உட்டுட்டுப் போனாரா இல்லியான்னு மட்டும் தெரியணும்."

டன்மோரும் கார்ஸ்வெலும் ஒரே கம்பனியின் கப்பல்கள் என்பதும், அதே வாரம் டன்மோர் திருகோணமலையிலிருந்து புறப்பட்டபின் என்ன ஆனதென்று யாருக்குமே தெரியாது என்பதும் யசோதாவுக்குத் தெரியும். ஆனாலும் நிதானமாகச் சொன்னாள்: "இல்லீங்க உம்மா. இது கார்ஸ்வெல். பேரையே பாத்துட்டோம்." உம்மு குல்சும் பேப்பரை நாலாக மடித்துக்கொண்டு போய்விட்டார். யசோதாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பேப்பரில் வந்த பெருமை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டுமே.

ஆவணியில் அவளுடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம். லயத்துக் கல்யாணம் என்றால் வீட்டுக்கு வீடு அண்டா, குண்டான், தாம்பாளம் எல்லாம் இரவல். எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். மறுநாள் கழுவித் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பை அண்ணி அன்னலட்சுமி யசோதாவின் தலையில் கட்டினாள். கடலடியில் பெயர் வாசித்தவளுக்கு இது என்ன பெரிய காரியமா? "வீ. அழகமுத்து" என்று இருந்த அண்டாவைத் தூக்கிக்கொண்டு நேரே அழகமுத்து வீட்டுக்குப் போனாள்.

அழகமுத்துவின் மனைவி அழகம்மா அண்டாவைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏம்மா, இது எங்க வீட்டுது இல்ல. அடுத்த லயத்து பாலாம்பிகை கல்யாணத்துக்கு எங்க வீட்டுக்காரரு மொய்யா வச்சது. பேரு எங்களுது, சாமான் அவங்களுது. லயத்துல பொறந்துட்டு இது தெரியாதா?"

யசோதா அண்டாவை அங்கேயே தரையில் வைத்துவிட்டு நின்றாள். சாமானில் யார் பெயர் இருந்தாலும் அது இருக்கும் வீடு வேறாக இருக்கலாம். மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட லயத்தில் தெரிந்த விஷயம். இதைக் கடலுக்குள் மறந்துவிட்டு, ஒரு கிடாரத்தின் பேச்சைக் கேட்டு ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். பாலாம்பிகைக்கு அண்டாவைக் கொண்டு போய்க் கொடுத்தது வேறு யாரோ. யசோதா தொலைபேசிக்கு ஓடியிருந்தாள்.

மறுமுனையில் அவளுடைய அலுவலகத் தலைவர், பணிப்பாளர் வீரசிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், வில்லங்கம் பிடிக்காதவர். "ஓம், விளங்குது. ஆனா பேப்பரிலயும் வந்திட்டுதே பிள்ளை. இப்ப மாத்திச் சொன்னா ஆக்கள் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும் சார். எங்க லயத்துல பத்து வருசமா சிரிக்கிறாங்க. எனக்குப் பழகிருச்சு. வாடைக் காத்துக்கு முன்னால இன்னொரு தடவ எறங்கணும்."

செப்டம்பரில் இறங்கினார்கள். இந்த முறை கிடாரத்தின் பக்கமே அவள் திரும்பவில்லை. ஐந்து நாள் மணலை அகற்றினார்கள், கிழிந்த வலைகளை அறுத்தார்கள், நாடாவைப் பிடித்து அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். ஐந்தாம் நாள் மணலுக்கடியிலிருந்து மூன்றாவது கொதிகலன் வெளியே வந்தது. கப்பலின் நீளமும் கார்ஸ்வெலை விடப் பதினோரு அடி அதிகம். மூன்று கொதிகலனும் அந்த நீளமும் அந்த வாரம் காணாமல் போனவற்றில் டன்மோருக்கு மட்டுமே இருந்தன. குண்டு விழுந்த பெரிய ஓட்டை நடுவில் இருந்தது. உயிர்காக்கும் படகுகளை வெளியே தள்ளும் இரும்புக் கைகள் உள்பக்கம் மடங்கியபடியே கிடந்தன. ஒருவருக்கும் படகு இறக்க நேரம் கிடைக்கவில்லை. பழைய பதிவுகளின்படி, மூழ்குவதற்கு முந்திய மாதம் இரண்டு கப்பல்களும் கொழும்பில் அடுத்தடுத்து நின்று பழுதுபார்க்கப்பட்டவை. கிடாரம் எப்போது கைமாறியது என்று கவனித்துத் திருப்பி அனுப்ப அங்கே ஓர் அன்னலட்சுமி இல்லை, அவ்வளவுதான்.

"நான் சொன்னது பிழை" என்று தன் பெயரைப் போட்டே பேப்பருக்கு எழுதினாள். அது அச்சாகும்வரை காத்திருக்க மனம் வரவில்லை. கட்டுகஸ்தோட்டையில் பஸ் மாறி மடவளைக்குப் போனாள்.

உம்மு குல்சும் எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டார். கப்பல் புறப்பட்ட அன்றைய ஆள்பட்டியலில் ஹுஸைன் என்ற பெயர் இருந்ததை யசோதா காட்டினாள். அவர் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்து வெகுநேரம் எடுக்கவில்லை.

"திருகோணமலைல இருந்து எத்தின மைல் போயிருப்பாங்க, மகள்?"

"அறுபது மைல் வரும் உம்மா. ஒரு நாள் ஓட்டம்கூட இல்ல."

"பினாங்கு?"

"அது ஆயிரம் மைலுக்கு மேல."

உம்மு குல்சும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் வாசலைத் தாண்டி ஓடினார். எதிர்வீட்டில் ஆஸியா உம்மா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். பினாங்குக் கதையை ஊருக்கு அலுக்காமல் சொல்லி வந்தவர் அவர்தான்.

"ஆஸியா! அடி ஆஸியா! என்ட வாப்பா எங்கயும் போகல்லடி! அறுவது மைல்லயே மௌத்தாகிட்டாராம்!"

இறைவனைப் புகழ்ந்து அல்ஹம்துலில்லாஹ் என்பதா, இறப்புக்கு இன்னாலில்லாஹி என்பதா என்று தெரியாமல் ஆஸியா உம்மா ஈரத்துணியோடு திகைத்து நின்றார். தெருவில் போனவர்கள் எல்லோரும் கேட்கும்படி உம்மு குல்சும் அதையே இன்னொரு தரம் சொன்னார்.