ஸ்விட்ச் சொன்ன நேரம்

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒருத்தி வீட்டுக்குப் போன பிறகும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை — தினமும். டியூட்டி நேரத்திலேயே ஆளைத் தேட வேண்டியிருக்கிற இந்தக் காலத்தில் இது நல்ல சேதிதானே என்கிறீர்களா? நானும் அதையேதான் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை.

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும் — கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் பக்கம், ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நிர்வாகம் பார்க்கிறேன். நிர்வாகம் என்றால் பெட்ஷீட் முதல் பெரிய டாக்டரின் கோபம் வரை எல்லாம் என் தலையில்தான்.

அந்தத் தலையில் இப்போது புதிதாக ஒன்று — ஸ்விட்ச். லைட் போடுகிற ஸ்விட்ச் இல்லை. எல்லாக் கம்ப்யூட்டர்களின் ஒயர்களும் வந்து சேர்கிற ஒரு பெட்டி. ஸ்டோர் ரூம் சுவரில், மினுக் மினுக்கென்று பச்சை விளக்குகளோடு இருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரை எப்போது போட்டார்கள், யார் பெயரில் உள்ளே போனார்கள், எப்போது அணைத்தார்கள்... எல்லாவற்றையும் நேரம் போட்டு வரி வரியாக எழுதிக்கொண்டே இருக்கும். லாக் என்று பெயர். யாரும் படிப்பதில்லை. இடம் நிறைந்ததும் பழசை அழித்துவிட்டுத் தன்பாட்டுக்கு எழுதும். யாரும் படிக்காததை எழுதுகிற கஷ்டம் எனக்குத் தெரியும் என்பதால் அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம்கூட உண்டு.

இந்த நிலைமையில்தான், எங்கேயோ நோயாளிகளின் விவரங்கள் திருடு போன சேதியை டாக்டர் படித்துத் தொலைத்தார். உடனே பெங்களூரில் ஒரு கம்பெனியைப் பிடித்தார். இனிமேல் ஸ்விட்ச் எழுதுகிற ஒவ்வொரு வரியும் எழுதின கையோடு பெங்களூருக்குப் போய்விடும். அங்கே ஒரு கண்காணிப்பு சிஸ்டம், அந்த வரிகளையும், எங்கள் வாசலில் கட்டை விரல் வைக்கிற மிஷின் அனுப்புகிற வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். பொருந்தவில்லையா? மணி அடிக்கும்.

அடித்தது. சாந்தி பெயரில்.

சாந்தி எங்கள் பில்லிங் கவுண்டர். கான்ட்ராக்ட் வேலை. அதற்கு முன்னால் பல வருஷம் பெங்களூருக்கு ரயிலில் போய்வந்தவள். சுரங்கம் மூடினதிலிருந்து எங்கள் ஊருக்கு ஷிப்ட் என்றால் ரயில்தான். விடிவதற்கு முன்னால் பாதி ஊர் ரயிலில் ஏறிவிடும், இருட்டினபிறகு வந்து இறங்கும். “எம் பொண்ணு மூஞ்சிய தூங்கசொல்லதான் மேடம் பாத்திருக்கேன், முழிச்சினு இருந்து பாத்ததே இல்ல” என்பாள். எங்களிடம் சம்பளம் குறைச்சல்தான். ஆனாலும் வந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு மைசூர்பாகு கொடுத்துவிட்டு அவள் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

“நேத்து இன்னா பண்ணேன் தெரியுமா மேடம்? வீட்டு கடிகாரத்த கரெக்ட் டைமுக்கு வச்சிட்டேன்.”

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன பெருமை என்று புரியாது. எங்கள் ஊரில் ரயிலில் போகிறவர்கள் வீட்டில் சுவர்க் கடிகாரம் இருபது நிமிஷம் முந்தித்தான் ஓடும். வேண்டுமென்றே வைப்பது. ரயிலை விட்டால் ஒருநாள் சம்பளம் போச்சே. அது பொய் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்... தெரிந்தும் அதைப் பார்த்துத்தான் பதறி எழுந்து ஓடுவார்கள். விருந்தாளிகூட மனசுக்குள் இருபதைக் கழித்துக்கொண்டுதான் மணி பார்ப்பார். ஆக, ஒரு வீட்டில் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறது என்றால், அந்த வீட்டில் இனி யாரும் ரயிலுக்கு ஓட வேண்டாம் என்று அர்த்தம்.

அந்த சாந்தி மேல்தான் புகார். சாயங்காலம் விரல் வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறாள். அதற்கப்புறமும் கால் மணி நேரத்துக்கு மேல் அவள் கம்ப்யூட்டர் அவள் பெயரிலேயே ஓடுகிறதாம். தினமும். அப்படியானால் பாஸ்வேர்டை யாருக்கோ கொடுத்திருக்கிறாள். அந்த யாரோ தினமும் வந்து உட்கார்ந்து நோயாளிகளின் விவரங்களை நோண்டுகிறார். பெங்களூர் கம்பெனியின் கணக்கு இது.

டாக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் பயந்தவர். “வெள்ளிக்கிழமை அங்கிருந்து ஒரு இன்ஜினியர் வர்றார். விசாரிக்கட்டும். நிஜம்னு தெரிஞ்சா வர்ற திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பொண்ணு வேண்டாம்” என்றார். சொல்வது அவர், அவளிடம் போய்ச் சொல்வது யார்? நிர்வாகம்தான்.

சாந்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன்.

“நான் ஆஃப் பண்ணிட்டுதான் மேடம் போறேன். ஸ்க்ரீன் கறுப்பாவற வரிக்கும் நின்னு பாத்துட்டுதான் போறேன்.”

“பாஸ்வேர்டு யார்கிட்டயாவது சொன்னியா?”

“எம் பொண்ணு பேருதான் மேடம் பாஸ்வேர்டு. அத்த போயி யாருக்கு குடுப்பேன்?”

(பெங்களூர் கம்பெனி இதைக் கேட்டிருந்தால் அதற்குத் தனியாக ஒரு விசாரணை வைத்திருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை.)

அவள் அழவில்லை. “மறுபடி ரயிலுதானா மேடம்?” என்று மட்டும் கேட்டாள்.

சும்மா இருக்க முடியுமா? மறுநாள் சாயங்காலம் கவுண்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். சாந்தி கம்ப்யூட்டரை அணைத்தாள். விரல் வைத்தாள். போனாள். நான் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டேன். கறுப்பு ஸ்க்ரீனில் என் முகம்தான் தெரிந்தது. ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

காலையில் பெங்களூரிலிருந்து ரிப்போர்ட் — நேற்றும் அந்தக் கம்ப்யூட்டர், சாந்தி போன பிறகு, சாந்தி பெயரில் ஓடியிருக்கிறது.

நான் உட்கார்ந்திருந்தபோதா? என் கண் முன்னால் அணைந்து கிடந்த கம்ப்யூட்டரா? இன்ஜினியருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். கிரண் என்று பெயர், பெங்களூர்த் தமிழ்ப் பையன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படின்னா இன்னும் சீரியஸ் மேடம். யாரும் உக்காராமயே ஓடுதுன்னா, வெளியிலேந்து யாரோ உள்ள வர்றாங்க. உங்க சாந்திதான் வழி விட்டிருக்கணும்” என்றார். நல்லது செய்யப் போய், பாஸ்வேர்டு கொடுத்தவளைத் திருடனுக்குக் கதவு திறந்தவளாக ஆக்கிவிட்டேன். இது எனக்குத் தேவையா?

வெள்ளிக்கிழமை கிரண் வந்தார். நான் நினைத்த மாதிரி விறைப்பான ஆள் இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் வணக்கம் சொல்கிற ஆள். எங்கள் முருகேசன் அவரை ஒவ்வொரு இடமாகக் கூட்டிக்கொண்டு போனார். எலெக்ட்ரீஷியன், பிளம்பர், கம்ப்யூட்டர் ஒயர் எல்லாமே எங்களுக்கு முருகேசன்தான். பகல் முழுக்கப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. சாந்தியிடம் கிரண் மெதுவாகத்தான் கேள்வி கேட்டார். அவள் பதில் சொல்லும்போதெல்லாம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சாயங்காலம் கிரண் ஹாலில் இருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். திடுக்கிட்டார்.

“டைம் ஆய்த்து மேடம். ட்ரெயின் போய்டும். ரிப்போர்ட் மெயில்ல அனுப்பறேன்.”

பையைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். ரிப்போர்ட்டில் என்ன எழுதுவார் என்று அவர் முகத்திலேயே தெரிந்துவிட்டது. விடுவேனா? நானும் கூடவே ஓடினேன். இந்த வயசில், இந்த உடம்பை வைத்துக்கொண்டு, சாம்பியன் ஸ்டேஷன் ரோட்டில். “அவ அப்படிப்பட்ட பொண்ணு இல்லைப்பா... நானே உக்காந்து பார்த்தேன்ப்பா...” மூச்சு வாங்க வாங்கப் பேசிக்கொண்டே ஓடினேன். எதிரே வந்தவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. எங்கள் ஊரில் ஸ்டேஷன் பக்கம் யாராவது ஓடினால் வழி விடுவார்கள், அவ்வளவுதான்.

பிளாட்பாரத்தில் ரயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. கிரண் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“போச்சா மேடம்? பங்காருபேட்டை ஜங்ஷனுக்கு பஸ் பிடிக்கணுமா?”

“இல்லைப்பா. வர இன்னும் நேரம் இருக்கு.”

“கடிகாரத்துல பார்த்தேனே?”

“அது ரயில் டைம். இருபது நிமிஷம் முன்னாடி ஓடும். இங்க எல்லாக் கடிகாரமும் அப்படித்தான்.”

“ஓடறப்ப சொல்லக் கூடாதா மேடம்?”

“ஓடத்தானே வச்சிருக்கு?”

சிரித்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தவர் அப்படியே நிறுத்தினார்.

“மேடம்... ஸ்டோர் ரூம்ல இருக்கிற ஸ்விட்ச்சுக்கு டைம் செட் பண்ணது யாரு?”

முருகேசனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“நான்தாங்க்கா. கரண்டு போயி வந்தா அந்த பெட்டிக்கு தேதி, டைமு எல்லாம் மறந்து போயிடுது. நான்தான் ஹால் கடிகாரத்த பாத்து வச்சி வுடறேன். இன்னாக்கா, எதுனா தப்பா பூட்ச்சா?”

கிரண் பெஞ்சிலேயே லேப்டாப்பைத் திறந்தார். ஸ்விட்ச் அனுப்புகிற ஒவ்வொரு வரிக்கும் இரண்டு நேரம் உண்டாம். ஸ்விட்ச் போட்டு அனுப்புகிற நேரம் ஒன்று, பெங்களூரில் வந்து சேர்ந்த நேரம் இன்னொன்று. ஸ்க்ரீனில் முதல் நேரம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். மறைந்திருந்த இரண்டாவதையும் கொண்டுவந்தார். இரண்டையும் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பினார்.

“பாருங்க மேடம். சேதி முன்னாடி வந்திருக்கு. விஷயம் பின்னாடி நடந்திருக்கு. இருபது நிமிஷம். தினமும்.”

வாசலில் விரல் வைக்கிற மிஷின் இன்டர்நெட்டிலிருந்து தானே நேரம் எடுத்துக்கொள்கிறது. அது சரியான நேரம். ஸ்விட்ச் காட்டுவது எங்கள் ஊர் ரயில் டைம். சாந்தி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். ஸ்விட்ச் அதை இருபது நிமிஷம் தள்ளி எழுதியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

அப்படியானால் மற்றவர்கள் ஏன் மாட்டவில்லை? நானும் கேட்டேன். யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. வார்டில் கம்ப்யூட்டர்கள் அணைவதே இல்லை. ஆபீஸில் இருக்கிற நாங்களோ, கம்ப்யூட்டரை மூடிவிட்டு, டீ குடித்து, ஊர்க்கதை பேசி, ஆற அமரத்தான் போய் விரல் வைப்போம். அந்த வெட்டிப் பேச்சில் இருபது நிமிஷம் அடிபட்டுப் போய்விட்டது. வேலை முடிந்ததும் பெண்ணைப் பார்க்க நேரே வாசலுக்கு ஓடினவள் சாந்தி ஒருத்திதான். அதனால் அவள் ஒருத்திதான் மாட்டினாள்.

முருகேசனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தினமும் அந்தக் கடிகாரத்தைப் பார்க்கிற எனக்கு மட்டும் தோன்றியதா என்ன? பொய் என்று தெரிந்த பொய்யோடு நாம் சுகமாகக் குடித்தனம் நடத்திவிடுகிறோம், மனசுக்குள் கழித்துக்கொண்டு. மிஷினுக்குக் கழிக்கத் தெரியாது. சொன்னதை நம்பிவிடும். மனிதர்களை நாம் எடை போடுவதும் பல சமயம் இப்படித்தானே... எந்தக் கடிகாரத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று யார் கேட்கிறோம்?

கிரணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரயில் வந்து நின்றுவிட்டது. அவர் ஏறவில்லை. முதலில் டாக்டருக்குப் போன் போட்டார். “தப்பு எங்க பக்கம் சார். இன்னொரு டைமையும் நாங்க பார்த்திருக்கணும். அவங்க மேல ஒண்ணுமே இல்லை” என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் ஏறினார். போகிற வண்டியில் தொற்றிக்கொண்டு, “அவங்ககிட்ட சாரி சொல்லுங்க மேடம்” என்றார். நல்லா இருக்கட்டும் அந்தப் பிள்ளை.

இப்போது ஸ்விட்ச்சும் இன்டர்நெட்டிலிருந்து தானே நேரம் எடுத்துக்கொள்கிறது. ஹால் கடிகாரத்தையும் சரியாக வைத்துவிடலாம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியே எதிர்த்தது. அது அப்படியேதான் ஓடுகிறது.

அதெல்லாம் அப்புறம் நடந்தது. அன்றைக்கு நான் ஸ்டேஷனிலிருந்து நேரே சாந்தி வீட்டுக்குப் போனேன். சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டின பழைய லைன் வீடு, நடக்கிற தூரம்தான். போனில் சொல்லியிருக்கலாம். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

“வாங்க மேடம்” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிர்ச் சுவரில் கடிகாரம். என் செல்போனைப் பார்த்தேன். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிஷம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

“கரெக்ட் டைமுக்கு வச்சேன்னு சொன்னியே?”

“நீங்க கூப்ட்டு சொன்னீங்க இல்ல மேடம், அன்னிக்கே மாத்திட்டேன். மறுபடி ஓடணும் இல்ல... பழகிக்கட்டும்னுதான்.”

சொல்ல வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். ஸ்விட்ச், ரயில் டைம், கிரண், டாக்டர் எல்லாம். பாதிக்கு மேல் அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. “திங்கட்கிழமை வழக்கம்போல வந்துடு” என்பது மட்டும் புரிந்தது. அத்தனை நாள் அழாதவள் அப்போதுதான் அழுதாள். உள்ளே விளையாடிக்கொண்டிருந்த பெண் ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது.

“இருங்க மேடம், காபி போடறேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அடுப்படிக்குப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை மெல்லப் பின்னால் திருப்பினாள்.

காபி குடிக்க எங்களுக்கு இருபது நிமிஷம் கூடுதலாகக் கிடைத்தது.